இருபதாம் தேதி

ஆடிட்டர் ஆபீஸ் படியில் இன்று
செருப்பு வைக்க இடமில்லை.
காதர்பேட்டைக்காரர், காம்பேக்டிங் முதலாளி,
பட்டன் கடைப் பையன்,
ஆளுக்கொரு மஞ்சப்பை நிறைய பில்.

என் முறை வரும்போது மணி ஒன்பதேகால்.
கோகிலவாணி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
'சேல்ஸ் இவ்வளவுதானுங்களா?'
இவ்வளவுதான்.
அதிலும் பாதிக்குக் காசு வரவில்லை.
தொண்ணூறு நாள் என்றவர் இப்போது தீபாவளி என்கிறார்.
வராத காசுக்கு வரி மட்டும் இன்றே.
எலாஸ்டிக் ஓட்டுகிறவனுக்குத் தெரியும்
எது எவ்வளவு இழுபடும் என்று.
இந்தத் தேதி இழுபடாது.

'வெங்கமேட்டு நூல்காரர் ரிட்டர்னே போடலைங்.
உங்க கிரெடிட் காட்டமாட்டேங்குது.'
நான் அவரிடம் கட்டிய பதினோராயிரம்
நடுவழியில் எங்கோ நிற்கிறது.
கூப்பிட்டேன், எடுக்கவில்லை.
திட்ட வாய் வரவில்லை.
போன மாசியில்
நானும் ஒருத்தருக்கு இப்படித்தான் எடுக்காமல் இருந்தேன்.

மத்திய அரசுக்கு நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
மாநிலத்துக்கும் அதே
நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லாமல்
சரிபாதி.
நாங்கள் பிரித்தபோது இப்படி வரவில்லை.
தைவான் மிஷின் ரெண்டும் யாருக்கென்று
பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி,
ஐந்தாவதாய் வக்கீலும் வந்து,
அண்ணன் குன்னத்தூரில் கோழி ஷெட் போட்டான்.
'உசுரோட விக்கற கோழிக்கு வரியில்லை,
நிம்மதியாத் தூங்கறேன்' என்றானாம்.
யாரோ சொல்லித்தான் கேள்வி.

பங்காளி என்ற சொல்லுக்கு
எங்கள் பக்கம் ரெண்டு அர்த்தம்.
ரெண்டுக்கும் அவன்தான்.
கோயில் நோம்பிக்கு இப்போது
ஆளுக்கொரு தலைக்கட்டு வரி,
தனித்தனி ரசீது.
அரசாங்கத்துக்கு மட்டும்
முப்பத்து மூன்றில் தொடங்கும் நம்பர் ஒன்றுதான்.
அதில் பதிந்திருப்பது
அண்ணன் மொபைல்.

'அனுப்பிட்டனுங்' என்கிறாள்.
இருபது கிலோமீட்டர் தள்ளி
கோழிகளுக்கு நடுவே ஒரு சட்டைப்பை குலுங்கியிருக்கும்.
சக்கரம் சுற்றுகிறது.
அவனாகவே கூப்பிடுவான்.
ரெண்டு வருசமாய் மாதம் ஒரு முறை,
எங்களுக்குள் ஆறு எண்தான் பேச்சு.

'எழுதிக்க. நாலு, சைபர், ஏழு...'
பின்னால் பெரிய ஃபேன் சத்தம்.
'ஏழா, ஒண்ணா?'
'ஏழு. ஏழு, ரெண்டு, ஒம்போது, சைபர்.'
சொல்லி முடித்தால் வைத்துவிடுவான்.
இன்று வைக்கவில்லை.
'எவ்வளவு கட்டறே?'
'தொண்ணூத்தி ரெண்டு சொச்சம்.'
ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.
'போன வருசம் இதே மாசம்
ஒண்ணே முக்கால் கட்டுனமே.'
கட்டினேன் என்று சொல்லவில்லை,
கட்டினீர்கள் என்றும் சொல்லவில்லை.
அந்த ஒரு எழுத்து 'ம'வை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று
நான் யோசிப்பதற்குள்,
'சரி, தீவனக்காரன் வந்துட்டான்'
என்று வைத்தான்.
இந்நேரத்துக்கு எந்தத் தீவனக்காரன்.

பச்சை எழுத்தில் வந்தது, தாக்கலாகிவிட்டதாம்.
அதே சேதி
அவனுக்கும் இந்நேரம் போயிருக்கும்.

கோகிலவாணி மேஜைக்கு அடியிலிருந்து
பழைய விண்ணப்பத்தை எடுத்தாள்.
என் கையெழுத்துக்கு மட்டும்
ஒரு வருசமாய்க் காத்திருப்பது.
'அஞ்சு நிமிச வேலைங்.
நம்பரை உங்க பேருக்கு மாத்திட்டா
மாசாமாசம் இந்த ரோதனை இல்லீங்களே.'

'ஆடி போகட்டும்' என்றேன்.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.
காலண்டரில்
ஆவணி பிறந்து நாலு நாள்.
ஒன்றும் சொல்லாமல்
'அடுத்து யாருங்க?' என்றாள்.